உறைமோர் போன கிண்ணம்

“கிண்ணம் எங்கேடீ? கேக்கறேனோல்லியோ, கிண்ணம் எங்கே?”

“எந்தக் கிண்ணம்னு சொல்லுங்கோ! இந்தாத்துல கிண்ணத்துக்கா பஞ்சம்?”

“டிபன் கேரியர் மேல் தட்டுல இருந்ததே, உள்ளங்கை அளவு!”

“அதுவா? அதுக்கா இந்தக் கத்தல்?”

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நாராயணஸ்வாமி குரலை உயர்த்தினால், குஷாய்குடாவில் அந்தத் தெருவே காபி டம்ளரோடு ஜன்னலுக்கு வந்துவிடும். அன்றும் வந்தது. வந்த மாத்திரத்தில் அவர் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டதுதான் தெருவுக்குப் பெரிய ஏமாற்றம்.

உள்ளே அவர் மனைவி பகவதியின் காதில் அவர் சொன்னது இது: அது பிளாட்டினம். ஃபாக்டரி லேபில் உலோகங்களைச் சோதிக்கிற கிண்ணம். எடுக்கும்போது ஒரு தடவை, வைக்கும்போது ஒரு தடவை நிறுத்து எழுதி சேஃபில் பூட்டவேண்டும். வெள்ளிக்கிழமை சேஃப் சாவிக்காரர் சீக்கிரமே கிளம்பிவிட்டார். டிராயரில் வைக்க பயம். முப்பத்து மூன்று வருஷ சர்வீஸில் ஒரு குண்டூசிகூட வெளியே கொண்டுவராத மனிதர், டிபன் கேரியரின் காலித் தயிர்சாதத் தட்டில் அதைப் போட்டு கேட் செக்கிங்கைத் தாண்டி வந்திருந்தார்.

“நாளைக்குக் காலம்பற அது தராசுல ஏறலேன்னா நான் திருடன். ரிட்டயராக மூணு மாசம் இருக்கு. பென்ஷன் போயிடும். நம்ம பொண்ணு ரஷ்மியை யார் கல்யாணம் பண்ணிப்பா?”

சனிக்கிழமை அதைப் புளி போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தவள் பகவதிதான். “நெளிஞ்சு போச்சோ? புளி போட்டேனே!”

“புளியா? நாங்க ஊத்தற ஆசிட்டே அதை ஒண்ணும் பண்ணாது. ஆயிரத்தெழுநூறு டிகிரி வரைக்கும் உருகாது. ஆனா சூட்டுல ஈயம் ஒரு சொட்டு பட்டா அத்தோட சரி, ஓட்டை விழுந்துடும். அது இருக்கட்டும், எங்கே வெச்சே?”

“மாடி ரோகிணி உறைமோர் கேட்டா. ரஷ்மிகிட்ட அதுல ஊத்திக் குடுத்தேன்.”

மாடிப்படி பதினெட்டு. ஒவ்வொரு படியிலும் பகவதி முகத்தைச் சரிசெய்துகொண்டாள். ஒரு மோர்க் கிண்ணத்துக்காக மூச்சிரைக்க ஓடி வருவானேன் என்று ரோகிணிக்குச் சந்தேகம் தட்டினால், மதியத்துக்குள் அது தெருமுனை டிபன் சென்டர்வரை போய்விடும்.

“அந்தக் கிண்ணமா? வெறுமையாத் தரக்கூடாதேன்னு சர்க்கரை போட்டு வெச்சிருந்தேன் மாமி” என்றாள் ரோகிணி. “தம்பி கொட்டிட்டு எடுத்துண்டு போயிட்டான், அவன் ரூமுக்கு.”

தம்பி சாய்கிருஷ்ணா பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்து மேய்கிறவன். அப்போது தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். பகவதி அறைக்கதவைத் தள்ளினாள். கரண்ட் அடுப்பின் சுருள் சிவந்திருந்தது. அதன்மேல் கிண்ணம். சாய்கிருஷ்ணா கையில் வெள்ளையாய் மின்னும் கம்பி. கிண்ணத்துக்கு மேலே ஒரு சாண் உயரம்.

“அது என்னடா?”

“சால்டர், மாமி. ஈயம். உருக்கி வயர் முனையெல்லாம் முக்கப்போறேன்.”

கம்பி இறங்கியது. “மோர்க் கிண்ணம்டா அது!” என்று பகவதி போட்ட அலறல் அடுத்த லேன்வரை கேட்டது. அலறியதோடு நிற்கவில்லை, பாய்ந்து வெறுங்கையால் கிண்ணத்தைப் பிடித்துவிட்டாள்.

“நக்கோ மாமி, வேணாம்! சூடு!”

சுட்டது. சதை பொசுங்கிய வாடை வந்தது. விட்டால் உருண்டு எங்கே போகுமோ என்ற பயத்தில் அவள் விடவும் இல்லை. அவன்தான் விரலைப் பிரித்துப் பாத்திரத்தை ஒரு துண்டில் வாங்கினான். கையில் ஏந்திப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான்.

“இவ்ளோ சின்னது, இவ்ளோ வெயிட்டு. இவ்வளவு காய்ஞ்சும் கறுக்கவே இல்ல.” குரல் தாழ்ந்தது. “ஃபாக்டரியோடதா மாமி?”

பகவதி துண்டுக்கு இடது கையை நீட்டினாள்.

அவன் துண்டோடு கிண்ணத்தை அவள் இடது கையில் வைத்து, வலது கையைக் குழாயடியில் பிடித்தான். ரோகிணி எட்டிப் பார்த்ததும், “அடுப்புல தெரியாம கை வெச்சிட்டாங்க அக்கா” என்றான்.

திங்கட்கிழமை கிண்ணம் தராசில் ஏறியது. எடை சரி. இத்தனை பளபளப்பாக அதை யாரும் பார்த்ததில்லை என்று சாவிக்காரர் சொன்னாராம்.

நாராயணஸ்வாமி மாலையும் பட்டுச்சால்வையுமாக ரிட்டயரானார். பகவதியின் பயம் ரிட்டயராகவில்லை. இரண்டு வருஷம் சாய்கிருஷ்ணா படியிறங்கும் சத்தம் கேட்டாலே, ஃபாக்டரியில் சொல்லிவிடுவானோ என்று அவள் வாசலுக்கு வந்து நிற்பாள். கடைசியில் அவன் வாயைத் திறந்தான், ரஷ்மியைக் கேட்டு. பகவதி ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் சரி என்றாள். ஜாதகம்கூடப் பார்க்கவில்லை. மாடி வீட்டில் வாரத்துக்கு நாலு நாள் உறைமோர் தீர்ந்துபோனது ஏன், அதை ரஷ்மியே கொண்டுபோனது ஏன் என்பது தெருவுக்கு எப்போதோ தெரியும். பகவதிக்கு மட்டும்தான் இன்றுவரை தெரியாது.

கல்யாணம் கீசரா கோயிலில் நடந்தது. பிள்ளையும் பெண்ணும் டல்லாஸுக்குப் போய்விட்டார்கள். ரோகிணி போவன்பள்ளிக்கு வீடு மாறினாள். மாடிக்குப் புதிதாக வந்தவர்கள் போன வாரம் உறைமோர் கேட்டார்கள். பகவதி பிளாஸ்டிக் டம்ளரில் கொடுத்தாள்.