ஒரே நிமிடத்தில் உகாண்டா

மொம்பாசாவிலிருந்து லாரி ஓட்டி வந்த களைப்பைவிட, கென்யா-உகாண்டா எல்லையில் சும்மா நின்ற களைப்புதான் என்னைக் கொன்றது. ‘ஒரே நிமிடத்தில் உகாண்டா’ என்ற புதுப் பலகையின் நிழலில் நெகேசா அக்கா சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்தார். வரிசை நகராததால் அவருக்கு நல்ல வியாபாரம்.

சாப்பிட வந்த சுங்க அதிகாரி ஒகிரோரைப் பிடித்துக்கொண்டேன்.

“எங்கிட்ட கத்தி என்னய்யா பிரயோஜனம்? ஸ்கேன் பண்ணாம எந்த லாரியையும் விட முடியாது. ஸ்கேனர் ரிப்பேர். மொம்பாசாலேர்ந்து பார்ட்ஸ் வரணும்.”

“முன்ன மாதிரி திறந்து பாத்துட்டு விடுங்க சார்.”

“அதெல்லாம் நிறுத்தியாச்சு. இப்ப எல்லாமே வேகம்.”

அக்கா சிரிப்பை மறைக்க அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பார்ட்ஸ் எப்ப சார் வரும்?”

“கிளம்பி எத்தனையோ நாளாச்சு. எந்தக் கழுதை ஓட்டிட்டு வருதோ, எங்க படுத்துத் தூங்குதோ.”

எனக்குப் பொறி தட்டியது. சட்டைப் பையில் படிக்காமலே கிடந்த சரக்குச் சீட்டைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். ‘ஸ்கேனர் பாகங்கள்’ என்றிருந்தது. சேர வேண்டிய இடம் அவருடைய அலுவலகம்.

படித்துவிட்டு என் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரொம்ப நல்லதாப் போச்சு,” என்றார். “ஸ்கேன் பண்ணின உடனே இறக்கிடலாம்.”