கையை எடுத்தால் நிற்கும் மோட்டார்

குற்றாலத்தில் அன்றைக்குத் தண்ணீருக்கு என்ன குறை? சாரல் விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது. ஐந்தருவியில் நிற்க இடமில்லை என்று வருகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். மேலகரத்திலிருந்தே வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. இத்தனைக்கும் நடுவில், ஜோதிலட்சுமியின் லாட்ஜில் மட்டும் குழாயைத் திறந்தால் வெறும் காற்று வந்தது.

லாட்ஜ் அவளுக்கும் தம்பி கௌரிசங்கருக்கும் பொதுச் சொத்து. தம்பிக்கு அதில் மனசே கிடையாது. ராஜபாளையத்துக்காரர் ஒருவர் குத்தகைக்குக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார். கொடுத்துவிட்டால் தென்காசி வீட்டில் காலை நீட்டிப் படுக்கலாம் என்பது தம்பியின் ஆசை. அக்காள் விடுவதாக இல்லை. கடைசியில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்த சீசன் முழுக்க அக்காள் பொறுப்பு. தண்ணீர் இல்லை, கரண்ட் இல்லை என்று ஒரே ஒரு பார்ட்டி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாலும், சாவி ராஜபாளையத்துக்காரர் கைக்குப் போய்விடும்.

அதற்காகத்தான் அவள் ஞாயிறுதோறும் தென்காசியில் வயரிங் வகுப்புக்குப் போனாள். ஃபியூஸ் போனால்கூட எலக்ட்ரீஷியன் பாண்டிராஜிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறதே என்ற கடுப்பில் போனவள்தான். போன இடத்தில் கடுப்பு மறைந்து கிறுக்குப் பிடித்துவிட்டது. பல்பைப் பல்பாகவே வரைந்து காட்டும் படம் ஒன்று இருந்தது, அது சின்னப் பிள்ளைக்கும் புரியும். வெறும் கட்டங்களை அம்புக்குறியால் கோத்து, எது எதற்குப் பிறகு என்று மட்டும் சொல்லும் கட்டப்படம் இன்னொன்று. பெட்டிக்குள் எந்த வயர் எந்தத் திருகாணியில் ஏறுகிறது என்று இருக்கிறபடியே காட்டுவது வயரிங் படம். எல்லாவற்றையும் கோடும் குறியுமாகச் சுருக்கி, கரண்ட் போகும் வழியைச் சொல்வது சர்க்யூட் படம். ஒரே மோட்டாருக்கு இத்தனை முகமா என்று அவள் வாயைப் பிளந்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் காய்கறிப் பையின் மேல் விரலால் கோடு இழுத்துக்கொண்டே வருவாள். அக்காவுக்குச் சாமி வந்திருக்கிறது என்று தம்பி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

அந்தச் சனிக்கிழமை ஆய்க்குடியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பந்தி முடிந்த கையோடு ஒரு பஸ் நிறைய வந்து தங்குவதாக எல்லா அறைகளையும் பிடித்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான், அறைகளைச் சுத்தம் செய்யும் பேச்சித்தாய் மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"யக்கா, டேங்குல சொட்டுத் தண்ணி இல்ல. பச்சை பட்டனை அமுக்குனா மோட்டார் ஓடுது, கையை எடுத்தா நின்னுருது."

ஜோதிலட்சுமி பாண்டிராஜுக்குப் போன் போட்டாள்.

"யக்கா, நான் சுந்தரபாண்டியபுரத்துல சினிமா ஷூட்டிங்ல நிக்கேன். ஜெனரேட்டரை விட்டுட்டு நகர முடியாது. நாளைக்கு வாரேன்."

நாளைக்கு வந்து யாருக்குப் பிரயோஜனம்? என்ன ஆகிறதென்று பார்க்க வெள்ளை வேட்டி சட்டையில் வந்து நின்ற தம்பியை அவள் மோட்டார் ரூமுக்குள் தள்ளி, அவன் கட்டைவிரலைப் பச்சை பட்டனில் வைத்தாள். மோட்டார் ஓடியது. கொஞ்ச நேரத்தில் அவனுக்கு விரல் மரத்துப்போய்விட்டது.

"ஒரு குச்சியைச் செருகி வச்சிருவமா?"

"ஏலே, கரண்ட் போயிட்டு வந்தா மோட்டார் தானா ஓட ஆரம்பிச்சிரும். அந்நேரம் எவனாவது அதுல கையை வச்சிருந்தா என்ன செய்வ?"

"அப்போ பஸ்ஸு வந்து போற வரைக்கும் நான் இங்கனயே நிக்கணுமா?"

அவள் அவனை ஓரமாகத் தள்ளினாள். மெயினை அணைத்தாள், டெஸ்டரை வைத்துப் பார்த்தாள், ஸ்டார்ட்டர் பெட்டியின் கதவைத் திறந்தாள். கதவின் உள்பக்கம் இரண்டு படங்கள் ஒட்டியிருந்தன. வயரிங் படத்தைச் சாரல் ஈரமும் கரையானும் பங்கு போட்டுத் தின்றிருந்தன. சர்க்யூட் படம் முழுசாக இருந்தது. மொபைல் வெளிச்சத்தை அதன்மேல் அடித்தாள். வகுப்பில் பலகையில் பார்த்த அதே கோடுகள் இங்கே தன் சொந்த மோட்டாருக்காகக் காத்திருந்ததுபோல் இருந்தது.

மேலே லைன். அதன் வழியில் சிவப்பு பட்டன், அடுத்து பச்சை பட்டன், அதற்கும் கீழே காந்தச் சுருள். பச்சையை அமுக்கினால் சுருளுக்குக் கரண்ட் போகும், அது காந்தமாகி மோட்டாரை இணைக்கும். சரி, கையை எடுத்த பிறகும் எப்படி ஓடுகிறது? பச்சைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கிளை பிரிந்து, நடுவில் ஓர் இணைப்புக் குறியோடு மறுபடி வந்து சேர்ந்தது. கையை எடுத்தாலும் வழியை விடாமல் பிடித்துக்கொள்ளும் இணைப்பு அது.

"இதாம்லே. இதுதான் செத்துப்போச்சு" என்றாள். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது.

பச்சை பட்டனைக் கழற்றி அதன் பக்கத்தில் தேடினாள். அங்கே ஒன்றும் இல்லை. பட்டனின் பின்னால் வந்த வயர்கள் எல்லாம் ஒன்றாகக் கட்டப்பட்டு ஒரு கொத்தாக உள்ளே போயின. சிவப்பையும் கழற்றிப் பார்த்தாள். கதவைத் தட்டிக்கூடப் பார்த்தாள்.

"படத்துல பச்சைக்கு ஒட்டிக்கிட்டு இருக்கு. இங்கன இல்லியே. பாண்டிராஜ் கழட்டிட்டானோ?"

"நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சே அக்கா" என்றான் தம்பி. அந்த நியாயம் அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது.

அப்போது அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. ராஜபாளையத்துக்காரர். அவன் எடுக்கவில்லை, ஆனால் திரையில் வந்த பெயரை அக்காள் பார்த்துவிட்டாள்.

பஸ் எங்கே வருகிறது என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்று, முன்பணத்தோடு கொடுத்துவிட்டுப் போன கல்யாணப் பத்திரிகையை எடுத்தாள். மாப்பிள்ளையின் அப்பா பெயரை ஒட்டியே ஒரு சித்தப்பா பெயரும் நம்பரும் அச்சடித்திருந்தது. போட்டாள்.

"அண்ணாச்சி, லாட்ஜிலிருந்து பேசுதேன். பஸ்ஸு எங்கன வருது?"

"பஸ்ஸா? நான் துபாய்ல இருக்கேன் தாயி. லீவு தரல. பேரு மட்டும்தான் அண்ணன் பக்கத்துல இருக்கு, ஆளு இங்கன இருக்கேன்."

ஜோதிலட்சுமி பத்திரிகையில் அந்தப் பெயரை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு துபாய்க்காரருக்கு நன்றிகூடச் சொல்லாமல் மோட்டார் ரூமுக்கு ஓடினாள்.

சர்க்யூட் படமும் பத்திரிகையும் ஒன்றுதானே. யாருக்கு யார் என்ன உறவு என்று சொல்லும். யார் எந்த ஊரில் குடியிருக்கிறார்கள் என்று சொல்லாது. வகுப்பில் இதைக் கேட்டிருக்கிறாள், தலையையும் ஆட்டியிருக்கிறாள், மண்டையில் ஏறியது இப்போதுதான். பச்சைக்குப் பக்கத்தில் வரைந்திருந்தால் பக்கத்திலேயே இருக்க வேண்டுமா என்ன? அப்படியானால் வீடு எங்கே? குறியின் அருகில் K1 என்று எழுதியிருந்தது. காந்தச் சுருளுக்கும் அதே K1. இரண்டும் ஒரே குடும்பம். குறியின் இரண்டு முனையிலும் 13, 14 என்று எண்கள் இருந்தன.

காந்தச் சுருள் உட்கார்ந்திருந்த, மோட்டாரை இணைக்கும் கறுப்புக் காண்டாக்டரின் மேல் வெளிச்சத்தைக் கொண்டுபோனாள். ஓரத்தில் பொடி எழுத்தில் 13. அதற்கு நேர் கீழே 14. அந்தத் திருகாணி பச்சைக் களிம்பு பிடித்துத் தளர்ந்திருந்தது, அதில் மாட்டியிருக்க வேண்டிய வயர் வெளியே வந்து சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"துபாய்க்காரரைக் கண்டுபிடிச்சிட்டேம்லே" என்றாள். தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வெளியே பஸ் ஹாரன் கேட்டது. வயர் முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, திருகாணியில் கொடுத்து முறுக்கினாள். வாசலில் யாரோ, "சாப்பிட்ட கையோட வாரோம், கை கழுவ தண்ணி எங்க?" என்று பேச்சித்தாயைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டன்களை மாட்டி, கதவைச் சாத்தி, மெயினைப் போட்டாள்.

"அமுக்கு."

தம்பி அமுக்கினான். மோட்டார் ஓடியது.

"இப்போ கையை எடு."

அவன் எடுக்கவில்லை. எடுத்தால் நின்றுவிடும் என்பது அவன் விரலுக்குப் பழகிப்போயிருந்தது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. விரலைத் தூக்கியபடி நின்ற அவன், பட்டனையும் அக்காளையும் மாறி மாறிப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து, "யக்கா, தண்ணி விழுது, தண்ணி விழுது" என்று பேச்சித்தாய் கத்தினாள். ஜோதிலட்சுமிக்குக் கண் நிறைந்து, சிரிப்பும் கூடவே வந்தது.

தம்பியின் போன் மறுபடி அடித்தது. ராஜபாளையத்துக்காரர்தான். அவன் எடுத்துக் காதில் வைத்தான்.

"லாட்ஜு விஷயம்னா அக்காகிட்ட பேசிக்கிடுங்க" என்று சொல்லிப் போனை அவளிடம் நீட்டினான்.

"ரூமா அண்ணாச்சி?" என்றாள் ஜோதிலட்சுமி. "சீசன் முடியுற வரைக்கும் ஒண்ணும் காலி இல்ல. அடுத்த வருசம் முன்கூட்டியே சொல்லுங்க."