சனிக்கிழமைப் புழுதி

2024 ஜூன் 8, சனிக்கிழமை, மாலை ஆறு மணி நாற்பது நிமிடம், மெல்லிய தூறல்: பெங்களூர் தொம்மலூரில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில், முன்னாள் சுரங்கத் தொழிலாளி ஓஸ்வால்டும் அவருடைய மகள் பவுலினும் குடியிருந்த வீட்டுக்குள் மட்டும், கூரையிலிருந்து வெண்புழுதி பெய்யத் தொடங்கியது. அப்போது இருவரும் கீழ்த்தளக் கூடத்தில், குடியிருப்போர் சங்கம் சுற்றுச்சூழல் வாரத்துக்காகத் திரையிட்ட ஆவணப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பனிப்பாறைகள் சரிந்தன, பவளங்கள் வெளுத்தன, பார்வையாளர்கள் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். பின்னர் கோலார் தங்க வயலின் சயனைடு மேடுகள், சுரங்கம் அரைத்துத் துப்பிய அந்த மண்மலைகள், அந்தி வெயிலில் ரோஜா நிறத்தில் அலையலையாக விரிந்தன. கூடமே பெருமூச்சுவிட்டது. ஓஸ்வால்ட் மட்டும், சுரங்கக் குடியிருப்பில் காற்றடிக்கும் மாதங்களில் எல்லோரும் செய்வதுபோல, தம் காபிக் கோப்பையை உள்ளங்கையால் மூடினார்.

"இன்னாம்மா, நம்ம மேட்டுக்கு பவுடர் பூசி வுட்டுருக்கானுங்க?"

"சும்மா இருங்கப்பா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். அதுக்குப் பின்னாடிதானே உங்கம்மா துணி காயப்போடுவா."

முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அந்த மேடுகளிலிருந்து பறக்கும் தூளை இன்னொரு பருவம் சுவாசித்தால் தந்தையின் நுரையீரல் தாங்காது என்று மருத்துவர் எச்சரித்ததனால்தான் பவுலின் அவரைப் பெங்களூருக்கு அழைத்துவந்திருந்தார்.

படம் பார்த்து அழுத இரவுகளில் தங்களுக்கு நல்ல உறக்கம் வருவதைக் குடியிருப்போர் கண்டுகொண்டார்கள். எனவே அது சனிக்கிழமைதோறும் திரையிடப்பட்டது. மேடுகள் திரையில் தோன்றும்போதெல்லாம் இரண்டாம் மாடியில் புழுதி பெய்தது. கூரையைத் தட்டிப் பார்த்த கொத்தனார் மதலைமுத்து, "காரை உதிரல மேடம். இது உங்க ஊரு மண்ணு" என்று கூறிக் கூலி வாங்காமல் போனார். ஒரு சனிக்கிழமை இருவரும் ஹெப்பகோடியிலுள்ள உறவினர் வீட்டுக்குச் சென்றார்கள். புழுதி அங்கே அவர்களுக்கு முன்பே வந்து நாற்காலிகளில் அமர்ந்திருந்தது. ஓஸ்வால்டின் சனிக்கிழமை இருமல் மற்றக் கிழமைகளுக்கும் பரவியது. அடுத்த மழைக்காலத்துக்குள் கட்டிலருகே ஆக்சிஜன் உருளை வந்து நின்றது. படத்தை நிறுத்தவேண்டும், இயலாவிடில் அந்த ஒரு காட்சியையேனும் தவிர்க்கவேண்டும் என்று பவுலின் சங்கத்திடம் விண்ணப்பித்தார். செயற்குழு வீட்டுக்கு வந்து பார்த்தது. புழுதி பெய்வதை எவரும் மறுக்கவில்லை. ஒருவர் அதைக் கைப்பேசியில் படமெடுத்து, வெளிச்சம் அருமையாக இருப்பதாகக் குறிப்பிட்டார்.

2025 நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, செயலாளர் நிருபமா தீர்மானத்துடன் வந்தார். பவுலின் அவருக்குக் காபி கொடுத்தார். அக்காட்சியே படத்தின் உயிர் என்றும், அதை நீக்குவது இயற்கைக்கு இழைக்கும் துரோகம் என்றும், ஆகவே திரையிடல் மாற்றமின்றித் தொடரும் என்றும், இரண்டாம் மாடியினர் சனிக்கிழமைகளில் சன்னல்களைச் சாத்திவைத்து மற்றவர்களுக்கு ஒத்துழைக்கவேண்டும் என்றும் நிருபமா வாசித்தார். அவருடைய கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன.

"தப்பா எடுத்துக்காதீங்க அங்கிள். அந்த சீன் வந்தாலே எனக்கு அழுகை வந்துடுது."

ஓஸ்வால்ட் ஆக்சிஜன் முகமூடியை விலக்கினார். "அழும்மா. அழுதா தூசி கண்ணுல தங்காது."

கீழே படம் தொடங்கியிருந்தது. சாத்திய சன்னலின் வழியே கூடத்தின் பெருமூச்சு கேட்டது. நிருபமா, தலையை நிமிர்த்திக் கூரையைப் பாராமலே, இடது உள்ளங்கையால் தம் காபிக் கோப்பையை மூடிக்கொண்டு, கையொப்பமிட்ட தீர்மானத்தை வலக்கையால் பவுலினிடம் நீட்டினார்.