நிலையை உயர்த்திய வீடுகள்

நாற்பது வயதைத் தாண்டிய அந்தச் சுமையாள் மறுபடியும் வளரத் தொடங்கியது, படுக்கையில் கிடந்த, கிடங்கின் பழைய மேஸ்திரியைக் குளிப்பாட்டப் போன வாரத்தில்தான். முதலில் சட்டைக் கை ஏறியது. பிறகு வீட்டு வாசல் நிலை நெற்றியில் இடித்தது. மனைவி சட்டைக்கு ஒட்டுப் போட்டாள், அவ்வளவுதான். மேஸ்திரி வேலையிலிருந்த காலத்தில் ஆட்களைக் காலால் உதைத்தவன். தான் ஞானஸ்நானம் வாங்கும்வரை, அவனுக்குச் சாவு வரட்டும் என்றுதான் சுமையாளும் நினைத்திருந்தார். இப்போது வேலை முடிந்ததும் போய், அவன் பீத்துணியை அலசி, புண்ணைத் துடைத்து, கட்டிலருகே முழங்காலிட்டு ஜெபித்துவிட்டு வருவார். மேஸ்திரி திட்டாத நாளில்லை. போய்வரும்போதெல்லாம் அவர் ஒரு நூல் உயரம் கூடியிருப்பார்.

கிடங்கில்தான் அது வினையானது. அங்கே இரும்புச் சாமான்களைத் தடியில் தொங்கவிட்டு, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகத் தூக்குவார்கள். இருவரும் ஒரே உயரமாக இல்லாவிட்டால், பாரமெல்லாம் குட்டையான தோளுக்குச் சரியும். அந்தக் குட்டைத் தோள் அவருடைய மச்சினனுடையது.

“மாமா, நீங்க பரலோகத்தை எட்டிப் புடிச்சிடுவீங்க போல. என் முதுகுதான் இங்க முறியுது. அந்த ஆள் வீட்டுக்குப் போறத நிறுத்துங்க, வளர்றதும் நின்னுடும்.”

“முடியாது மாப்ள. கர்த்தர் பாத்துப்பாரு.”

“அவரு பாப்பாரு. தூக்குறது யாரு?”

சுமையாள் உயரத்தைக் குறைக்க முழங்காலை மடக்கி நடந்து பார்த்தார், மூட்டு வீங்கியது. தோள் பொருந்தாத ஜோடிக்குச் சனிக்கிழமையோடு வேலை கிடையாது என்று கிடங்குக்காரர் சொல்லிவிட்டார். இரண்டு வீட்டு அடுப்பும் அந்தத் தடியை நம்பித்தான் எரிந்தது. அன்று மாலையும் அவர் மேஸ்திரி வீட்டுக்கே போனார். தண்ணீர் வாளியைத் தூக்கும்போது வீங்கிய கால் மடங்கி விழுந்தார்.

சண்டை பிடிக்கப் பின்னாலேயே வந்த மச்சினன் அவரைத் தூக்கி உட்காரவைத்தான். பிறகு, “நகருங்க” என்று வாளியை வாங்கினான். “இவன் என்னையுந்தான் உதைச்சான்” என்று முணுமுணுத்துக்கொண்டே மேஸ்திரியைப் புரட்டிப் புண்ணைத் துடைத்தான். மேஸ்திரி அன்று திட்டவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி அழுதான்.

தினமும் வந்த மச்சினன், பிந்தி வந்தவன் என்பதாலோ என்னவோ, மளமளவென்று வளர்ந்தான். சனிக்கிழமை கிடங்குக்காரர் தடியைப் பார்த்தார், சரிமட்டமாக இருந்தது. அடுத்த சுமையைக் காட்டினார்.

மேஸ்திரி இறந்தபோது பெட்டியை அவர்கள் இருவரே முன்னும் பின்னுமாகச் சுமந்தார்கள். மற்றவர்கள் கை கொடுக்கத்தான் பார்த்தார்கள், எட்டவில்லை. திரும்பி வரும் வழியில், அடுத்த தெருவில் ஒருத்தி பக்கவாதத்தில் கிடப்பதாகச் சொன்னார்கள். இருவரும் தச்சரைக் கூப்பிட்டு, இரண்டு வீட்டு நிலையையும் முன்கூட்டியே உயர்த்தி வைத்தார்கள்.