மீசை மூக்கில் சேருமா?

சுருட்டைக்கும் நெட்டைக்கும் முதல் சண்டை ஒரு மீசையால் வந்தது. மீசை சுருட்டையின் சித்தப்பாவுடையது.

இருவரும் பல்கலைக்கழகத்தின் நடத்தைப் பகுப்பாய்வு ஆய்வகத்தில் முதுகலை மாணவர்கள். அவளுக்குச் சுருள் முடி, அவனுக்கு நிலைவாசலில் இடிக்கும் உயரம். சேர்ந்த வாரமே பெயர்கள் ஒட்டிக்கொண்டன. அவர்கள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி கேட்கச் சின்னதுதான். அலுப்பான வேலை செய்யும் மனிதர் எத்தனை தடவை மூக்கைத் தொடுகிறார்? நடுநடுவே பாராட்டினால் அது குறைகிறதா?

ஆய்வகம் என்பது அடுத்தடுத்த இரண்டு அறைகள். நடுச்சுவரில் பெரிய கண்ணாடி. விளக்கணைத்த இந்த அறையிலிருந்து பார்த்தால் அது ஜன்னல். விளக்கெரியும் அந்த அறையிலிருந்து பார்த்தால் வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி. அங்கே ஒரு மேசை, ஒரு நாற்காலி, இரண்டாயிரம் சட்டைப் பொத்தான்கள். வருகிறவர் அவற்றை நிறவாரியாகப் பிரித்துச் சின்னப் பெட்டிகளில் போட வேண்டும். ஒரு பெட்டி நிறைந்ததும் சுருட்டை ஒரு விசையை அழுத்துவாள். ஒலிபெருக்கியில் "ரொம்ப நல்லா பண்றீங்க" என்று பதிவு செய்த குரல் கேட்கும்.

சம்பளமில்லாமல் தினம் இருபது நிமிடம் பொத்தான் பிரிக்க யார் வருவார்கள்? தெரிந்தவர்கள் எல்லாம் கைவிரித்த பிறகு சித்தப்பா வந்தார். முப்பது வருடம் பஸ்ஸில் ஏறி ஏறி டிக்கெட் பரிசோதித்து ஓய்வுபெற்றவர். வீட்டில் அவருக்குப் பொழுது போகவில்லை. அவர் வீட்டிலிருந்தால் சித்திக்கு வேலை ஓடவில்லை. "கூட்டிட்டுப் போ, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள் சித்தி. கண்ணாடிக்குப் பின்னால் ஆட்கள் இருப்பார்கள், கேமரா ஓடும் என்று சொல்லித்தான் அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். எதைக் கவனிக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

கணக்கெடுப்பதற்கு ஒரு முறை இருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அவர்கள் மேசையிலுள்ள கடிகாரம் பத்து விநாடிக்கு ஒருமுறை 'பீப்' என்னும். அந்தப் பத்து விநாடிக்குள் மூக்கைத் தொட்டிருந்தால் தாளில் ஒரு டிக். இல்லையென்றால் ஒரு பெருக்கல் குறி. இருவரும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். கடைசியில் இரண்டு தாளும் நூற்றுக்கு எண்பது இடங்களிலாவது ஒத்துப்போக வேண்டும். முதல் நாள் நாற்பத்தாறு வந்தது.

"அவர் மீசையத் தடவினாரு. நீ ஏன் டிக் போட்ட?" என்றாள் சுருட்டை.

"விரல் மூக்குல பட்டுச்சே."

"பட்டது மீசைல. மீசை எப்படிடா மூக்காகும்?"

"மூக்கு எங்க முடியுது, மீசை எங்க ஆரம்பிக்குதுன்னு நீ காட்டு. ஒங்க சித்தப்பாவுக்கு நடுவுல இடமே இல்ல."

இதை எழுதித் தீர்க்கலாம் என்று உட்கார்ந்தார்கள். 'மூக்கைத் தொடுதல்' என்பதற்கான விளக்கம் முதலில் இரண்டு வரியாக இருந்தது. சாயங்காலத்துக்குள் நாலு பக்கம் ஆயிற்று. புறங்கையால் துடைப்பது, கைக்குட்டையோடு தொடுவது, தும்மலை அடக்கப் பிடிப்பது, மீசைவழி மறைமுகத் தொடுகை என்று உட்பிரிவுகள். மறுநாள் ஐம்பத்தொன்று வந்தது. பேராசிரியை தாள்களைப் பார்த்துவிட்டு, "எண்பது வராம என் ரூம் பக்கம் வராதீங்க" என்று கதவைச் சாத்தினார்.

சுருட்டைக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஆட்கள் இருப்பதைச் சித்தப்பா இரண்டாம் நாளே மறந்துவிட்டார். மூன்றாம் நாள் நேரே கண்ணாடியிடம் வந்து, அவள் முகத்துக்கு ஒரு சாண் எதிரே நின்று, மூக்கு முடியைப் பிடுங்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றுக்கும் கண்ணில் நீர் தளும்பியது. சின்ன வயதிலிருந்து தூக்கி வளர்த்த மனிதரை அந்தக் கோலத்தில் பார்க்க அவளுக்குக் கூசியது. தலையைக் குனிந்துகொண்டாள்.

குனிந்தபோதுதான் அது காதில் விழுந்தது. நெட்டை டிக் போட்டால் பென்சில் ஒரு தடவை கீறும். பெருக்கல் குறி போட்டால் இரண்டு தடவை. அவன் கீறியது ஒருமுறைதான். அவளும் டிக் போட்டாள்.

அன்றைக்கு எழுபத்தெட்டு. அடுத்த நாள் தொண்ணூற்று மூன்று. அதற்கடுத்து மூன்று நாள் தொடர்ந்து நூறு.

திருட்டுத்தனம் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் நெட்டைதான் ஒழுங்காகப் பார்க்கிறானே, கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். பென்சில் சத்தத்திலேயே கவனம் இருந்ததால் பெட்டி நிறைவதையும் அவள் பார்க்கவில்லை. நிமிடத்துக்கு ஒரு பெட்டி நிறையாதா என்ன என்று குத்துமதிப்பாக விசையை அழுத்தினாள்.

நூறைக் கேட்டதும் பேராசிரியை சந்தோஷப்படுவார் என்று போனார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நூறா?"

"மூணு நாளா நூறு, மேடம்" என்றான் நெட்டை.

"எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் எங்க கல்யாணத் தேதியிலயே ஒத்துப்போகாது. நாளைக்கு நானும் வந்து உக்காருறேன்."

மறுநாள் பேராசிரியை ஓசைப்படாமல் வந்து, கீச்சிட்டுக்கொண்டிருந்த மின்விசிறியை அணைத்துவிட்டு அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தார். 'பீப்' கேட்டது. சுருட்டை தாளைப் பார்த்தபடி நெட்டையின் பென்சிலுக்காகக் காத்திருந்தாள். சத்தமே வரவில்லை. மெல்லத் திரும்பினாள். அவனும் தாளைப் பார்த்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

மறுபடியும் 'பீப்'. யாரும் எழுதவில்லை.

"என்ன ஆச்சு?" என்றார் பேராசிரியை.

"நீ போடு" என்றான் நெட்டை அடிக்குரலில்.

"நீதானடா மொதல்ல போடுவ?"

"நானா? நீ போடுறதக் கேட்டுத்தானே நான் போடுறேன். ஒங்க சித்தப்பா, வீட்டுல பாத்துப் பழகின மூக்கு. உனக்குத்தான் சரியாத் தெரியும்னு நெனச்சேன்."

அப்படியென்றால் இத்தனை நாளாக யார்தான் பார்த்தார்கள்?

"ரெண்டு பேரும் நிமிந்து பாருங்க" என்றார் பேராசிரியை.

கண்ணாடிக்கு அப்பால் சித்தப்பா ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார். தலையில் பொத்தான் பெட்டி. இடது கை இடது காதைப் பிடித்திருந்தது. முகத்தில் அப்படியொரு சிரத்தை. மேசையில் பொத்தான்கள் கொட்டியபடியே கிடந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. அவள் விரல் பழக்கதோஷத்தில் விசையை அழுத்திவிட்டது. "ரொம்ப நல்லா பண்றீங்க" என்றது ஒலிபெருக்கி. சித்தப்பா அடக்கமாகத் தலையசைத்தார். பெட்டி நழுவப் பார்த்தது, பிடித்து மறுபடி வைத்துக்கொண்டார்.

கேமராவில் எல்லாம் இருந்தது. நூறு சதவீதம் வந்த முதல் நாள், பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சும்மா காதைச் சொறிந்தபோது பாராட்டு வந்திருக்கிறது. உடனே நிமிர்ந்து, காதை மறுபடி சொறிந்து பார்த்திருக்கிறார். இரண்டாம் நாள் கால் மரத்துப்போய் ஒரு காலைத் தூக்கியபோது பாராட்டு. மூன்றாம் நாள் பெட்டி தலைக்கு ஏறிவிட்டது. அந்த மூன்று நாளும் அவர் மூக்குப் பக்கம் கையே கொண்டுபோகவில்லை. தாள்களிலோ நாளொன்றுக்கு முப்பதுக்குக் குறையாமல் டிக், இரண்டிலும் ஒரே இடத்தில். மின்விசிறியின் கீச்சொலியைப் பென்சில் என்று நினைத்து ஒருவர் போட, அதைக் கேட்டு மற்றவர் போட்டிருக்கிறார்.

பேராசிரியை அவர்களைத் திட்டுவார் என்று காத்திருந்தார்கள். அவர் மேசையில் தலைகவிழ்ந்து தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் ஆயிற்று. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவர் கால மொதல்ல கீழ இறக்கச் சொல்லுங்க" என்றார். "அப்புறம் உங்க ரெண்டு பேரையும் கவனிச்சுக்கிறேன்."

சுருட்டை அடுத்த அறைக்கு ஓடினாள்.

"சித்தப்பா, கால கீழ வைங்க."

"நேரம் முடிஞ்சிருச்சா பாப்பா?"

"என்ன சித்தப்பா இது? பொத்தான்தானே பிரிக்கச் சொன்னோம்?"

"மொதல்ல நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார் அவர், காலை உதறிக்கொண்டே. "அப்புறம் புரிஞ்சுபோச்சு. பொத்தான் சும்மா கண்துடைப்பு. உங்களுக்கு வேண்டியது வேற ஏதோ. வாய்விட்டுச் சொல்ல மாட்டீங்க, நானாக் கண்டுபிடிக்கணும். முப்பது வருஷம் டிக்கெட் எடுக்காதவன மூஞ்சியப் பாத்தே புடிச்சவன் நான். கண்டுபிடிச்சேனா இல்லையா?"

அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்ததும் அவள் பொத்தான்களை அள்ளிப் பெட்டியில் போட ஆரம்பித்தாள். அன்று உண்மையைச் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். "அப்ப அது சும்மா வந்த பாராட்டா?" என்றார் சித்தப்பா. ஆமாம் என்று அவள் தலையாட்டினாள். "பரவால்ல. எனக்கு வேலையில இருந்தப்ப அதுகூட வந்ததில்ல" என்று செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

பேராசிரியை சொன்னபடியே கவனித்துக்கொண்டார். ஒரு வாரம் இருவருக்கும் ஆய்வகத்தில் பொத்தான் பிரிக்கும் வேலை. பிறகு மரப்பலகை ஒன்றை நடுவில் நிறுத்தி, ஆளுக்கொரு மூலையில் உட்காரவைத்து, பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு சத்தமில்லாத பேனா கொடுத்தார். புதிதாகப் பொத்தான் பிரிக்க வந்தவர் மழுமழுவென்று சவரம் செய்த நூலகர். எண்பத்துமூன்று வந்தது. மீதிப் பதினேழுக்காக இருவரும் படிக்கட்டு முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டே இறங்கினார்கள். சுருட்டைக்கு அது எவ்வளவோ நிம்மதியாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் சித்தி போன் செய்தாள்.

"உங்க சித்தப்பா அடுப்படியில வந்து ஒத்தக் கால்ல நிக்கிறாரு. என்னன்னு கேட்டா என் மூஞ்சியப் பாக்குறாரு. இத எப்படி நிறுத்துறது?"

சுருட்டை படித்ததைச் சொன்னாள். "கண்டுக்காதீங்க சித்தி. சிரிக்கக் கூடாது, திட்டவும் கூடாது. அவர் பண்றதுக்குப் பலனே இல்லைன்னா தானா நின்னுடும்."

"முப்பத்தோரு வருஷமா அதத்தானேடி பண்றேன்" என்றாள் சித்தி. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனுக்கு அந்தப் பக்கம், பாத்திரம் ஒன்று தலையிலிருந்து விழும் சத்தமும், "இரு, இரு, இன்னொரு தடவை" என்கிற சித்தப்பாவின் குரலும் கேட்டன.