இடிக்குப் புதுக் கம்பி

ஆளைப் பார்த்து வைத்த பெயரில்லை அது. ஒல்லி உடம்பு, படிய வாரிய தலை, கேட்டால் மட்டும் பதில் சொல்லும் வாய். ஆனால் ஐம்பதைத் தாண்டிய அந்த மனிதர் பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டி, அதன் தடித்த நாலு கம்பிகளில் விரல் வைத்தால் மண்டபத்தின் கடைசி வரிசை நாற்காலிவரை அதிரும். அதனால் இசைக்குழுவில் அவருக்கு இடி என்று பெயர் விழுந்தது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தோடு சரி.

அந்த இடியைத்தான் போன வாரம் ஒத்திகை முடிந்ததும் பாடகி ஓரமாகக் கூப்பிட்டாள். குழுவை நடத்துபவள் அவள்தான்.

"உங்க சவுண்டு முன்ன மாதிரி இல்லண்ணே. கொஞ்ச நாளாவே எல்லாரும் சொல்றாங்க. ஞாயித்துக்கிழமையும் இப்படியே இருந்தா நான் வேற ஆளப் பாக்க வேண்டியிருக்கும். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் இதை வேறு எப்படித்தான் எடுத்துக்கொள்வதாம்?  இருந்தாலும் அவரிடம் பதில் தயாராக இருந்தது. பல மாதங்களாக அவரே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"கம்பி செத்துப்போச்சும்மா. எனக்கே தெரியுது. ஒரே மந்தமா இருக்கு. மாத்திடறேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இவர் கிட்டார் பெட்டியை மூடிக் கொக்கிகளை மாட்டிவிட்டார். கெட்ட சேதியை முழுசாகக் கேட்க யாருக்குத்தான் தெம்பிருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை இசைக்கருவிக் கடை திறந்ததும் முதல் ஆளாக அங்கே நின்றார். கடைக்காரர் அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னண்ணே, மறுபடியும் கம்பியா? இப்பதான நிக்கல் செட்டு வாங்கிட்டுப் போனீங்க. ஒரு செட்டப் போட்டுட்டு அவனவன் வருசக்கணக்கா ஓட்டறான். நீங்க என்ன, கம்பியச் சாப்பிடறீங்களா?"

"அது சரியில்ல. மேல ஏறவே மாட்டேங்குது. சத்தம் அடியிலயே கெடக்கு."

கடைக்காரர் கண்ணாடிப் பலகைமேல் உறைகளைப் பரப்பினார். முதலாவது, மேலே உலோக நாடா சுற்றிய வழவழப்பான கம்பி: விரலுக்கு இதம், சத்தம் உருண்டையாக வரும். இடி அதைக் கையால் தள்ளிவிட்டார். அடுத்தது நிக்கல். அதைத்தான் வாங்கிச் சலித்தாயிற்று. மூன்றாவது ஸ்டீல். தொட்டால் அரம் மாதிரி சொரசொரக்கும், விரல் நுனியைத் தேய்த்து எடுத்துவிடும்.

"இதவிடப் பளிச்சுன்னு கத்துற கம்பி எங்கிட்ட இல்லண்ணே. பாத்துக்கோங்க, காது கூசும்."

"கூசட்டும். அதுதான் வேணும்" என்றார் இடி.

வீட்டில் மனைவி சாப்பாட்டு மேசையில் விடைத்தாள்களைப் பரப்பித் திருத்திக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கடைசி பெஞ்சில் தூங்குகிறவனையும் எழுப்பிவிடும் குரல் அவளுக்கு. ஆனால் இந்த வீட்டில் அந்தக் குரல் கொஞ்ச நாளாகவே வாயை மூடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத புருஷனிடம் எத்தனை நாள்தான் தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்துவது? வேண்டுமென்றே செய்கிறார் என்று அவளுக்குக் கோபம். டீச்சர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், ஏனென்று தெரியவில்லையே என்று இவருக்குக் குழப்பம். புதுக் கம்பி உறையைப் பார்த்ததும் அவள் தலையில் அடித்துக்கொண்டு அடுத்த தாளை எடுத்தாள்.

இடி உள்ளறைக்குப் போய்க் கட்டிலில் துண்டை விரித்துக் கிட்டாரைக் கிடத்தினார். நாலு கம்பியையும் ஒரேயடியாகக் கழற்ற மாட்டார். இழுவை போனால் கழுத்து வளைந்துவிடும் என்று ஒவ்வொன்றாகத்தான் மாற்றுவார். பழையதைத் தளர்த்தி எடுத்து, அழுக்கைத் துடைத்து, புதியதை அடியிலிருந்து இழுத்து, முறுக்காணியைத் தாண்டி ஒரு சாண் மிச்சம் விட்டார். அந்த இடத்தில் செங்குத்தாக மடக்கினார். மடக்கிய பிறகே கட்டிங் பிளேயரால் வெட்ட வேண்டும். முதலிலேயே வெட்டினால் மேலே சுற்றியிருக்கும் மெல்லிய கம்பி உள்கம்பியைவிட்டு நழுவிவிடும், பிறகு அந்தக் கம்பி பிறந்தவுடனே பிணம். நுனியை முறுக்காணியின் துளைக்குள் இறக்கி, சுற்று ஒன்றன்கீழ் ஒன்றாக உட்காரும்படி முறுக்கினார். எத்தனையோ வருஷமாகச் செய்யும் வேலை. 

இந்த வாசிப்பும் போனால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது? பகலில் குடோனில் சரக்கு எண்ணும் உத்தியோகம் சோறு போடுகிறது, அவ்வளவுதான். அங்கே அவரை 'ஏம்ப்பா' என்பார்கள். இடி என்று கூப்பிடும் இடம் உலகத்திலேயே அந்த ஒத்திகை அறை ஒன்றுதான்.

நாலையும் மாட்டி, ட்யூனரில் சுருதி சேர்த்து, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஒலிபெருக்கிப் பெட்டியான ஆம்ப்பில் இணைத்து மீட்டினார்.

மந்தம். அதே மந்தம்.

மடக்கிய இடத்தைத் தடவிப் பார்த்தார், சரியாகத்தான் இருந்தது. ஒயரை மாற்றினார். கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று திட்டினார். ஆம்ப்பில் கூர்மையைக் கூட்டும் திருகை முழுக்கத் திருகினார், அது ஏற்கெனவே முக்கால்வாசி திரும்பித்தான் இருந்தது. சத்தத்தையும் கூட்டினார். இன்னும் கூட்டினார்.  சாயங்காலம் ஒத்திகை. இதை எடுத்துக்கொண்டு எந்த முகத்தோடு போய் நிற்பது?

கதவு தடாலென்று திறந்தது. அதுகூட அவருக்குத் தெரியவில்லை. மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எதிரே வந்து நின்றபோதுதான் நிமிர்ந்தார்.

"நிறுத்துங்க. பல்லெல்லாம் கூசுது. வெளியிலேர்ந்து கத்திக்கிட்டே இருக்கேன்."

"மந்தமா இல்ல?"

"மந்தமா? கத்தி தீட்டுற சத்தம் மாதிரி இருக்குங்க. இன்னிக்கு மட்டும் இல்ல, ரொம்ப நாளாவே இப்படித்தான். அந்தப் பொண்ணு எப்படித்தான் இதுக்குப் பக்கத்துல நின்னு பாடுறாளோ."

இடியின் கை கம்பிமேல் அப்படியே நின்றது. பாடகி அன்றைக்குச் சொல்ல வாயெடுத்தது இதைத்தான். மந்தமென்று அவள் சொல்லவே இல்லை. இவராக மந்தமென்று முடிவு கட்டி, திருகைக் கூட்டிக் கூட்டி, கடைசியில் கடையிலேயே அதிகமாகக் கீச்சிடும் கம்பியைத் தேடிப் பிடித்து வாங்கி வந்திருக்கிறார்.

"இங்க உக்காரு டீச்சர்" என்றார். 

சத்தத்தைக் குறைத்தார். கம்பியை அழுத்தாமல் விரல் நுனியால் லேசாகத் தொட்டு மீட்டினால் மணி மாதிரி மெல்லிய நாதம் எழும். செத்த கம்பியில் அது சட்டென்று அடங்கிவிடும், நல்ல கம்பியில் நெடுநேரம் நிற்கும். கம்பி வாசிப்பவர்களின் பரீட்சை அது.

"நின்னதும் சொல்லு" என்று மீட்டினார். எழுந்த வேகத்தில் நாதம் தேய்ந்து மறைந்தது. "நின்னுடுச்சா?"

"இல்லியே. கேக்குது."

அவர் காத்திருந்தார். அவர் காதுக்கு அறையில் ஒரு சத்தமும் இல்லை.

"இன்னும் கேக்குதுங்க." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். குரல் தணிந்தது. "இன்னும்... இப்பதான் நின்னுது."

இடி தன் காதைத் தடவிப் பார்த்தார். டிரம்ஸும் பேஸும் ஒட்டி நிற்க வேண்டும் என்று குழுவில் சேர்ந்த நாளிலிருந்து டிரம்ஸ்காரரின் பித்தளைத் தட்டுக்கு ஓரடி தள்ளித்தான் அவர் நிற்பார். அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அத்தனை வருஷமும் அந்தத் தட்டு அவர் காதோரமாகவே அடித்திருக்கிறது.

"அப்ப நான் சமையலறையிலேர்ந்து கூப்பிட்டதெல்லாம்?" என்றாள் அவள்.

"எதுவும் காதுல விழல."

"வேணும்னே பேசாம இருக்கீங்கன்னு நெனச்சேன்." சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ பாப்போம்" என்றார் இடி. ஒருவேளை பதற்றத்தில் காது அடைத்திருக்கலாம். ஒருவேளை அவளுக்குத்தான் பிரமையாக இருக்கலாம். மனுஷனுக்கு நப்பாசை லேசில் விடுமா?

இரைச்சலான மண்டபங்களில் சுருதி சேர்க்கும்போது கிட்டார் உடம்பில் கொம்பு மாதிரி நீண்ட மேல்முனையில் தாடையை வைத்துக்கொள்வது அவர் வழக்கம். காதுக்கு எட்டாதது எலும்புக்கு எட்டும். இப்போதும் பழக்கத்தில் தாடையை வைத்தார். மீட்டினார். நாதம் எழுந்தது, தேய்ந்தது, மறைந்தது. விரலை உயர்த்திக் காட்டினார்.

"ஆமாங்க" என்றாள் மனைவி உடனே. "நின்னுடுச்சு. இப்ப எனக்கும் நின்னுடுச்சு."

தாடைக்கடியில் மரம் நடுங்கிக்கொண்டிருந்தது. கம்பி ஓயவில்லை. மாணவன் சொல்லும் பொய்யை வாசலிலேயே பிடித்துவிடும் டீச்சருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

அவர் தலையை எடுக்கவில்லை. அந்த நடுக்கம் மெல்ல மெல்ல அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தார். பிறகுதான் நிமிர்ந்தார்.

"ம். இப்ப நின்னுடுச்சு" என்றார். அவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்தப் பொண்ணுக்கு நீயே போன் போட்டுடு. அவ பேசறது எனக்குச் சரியா கேக்காது. வேற ஆளப் பாக்கச் சொல்லு."

 அவள் போனை எடுக்கப் போனாள். இடி ஆம்ப்பை அணைத்துவிட்டுத் துணியை எடுத்தார். கச்சேரி முடிந்ததும் செய்வதுபோல, இன்னும் ஒரு பாட்டுகூட வாசிக்காத அந்தப் புதுக் கம்பிகளை ஒவ்வொன்றாக, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை துடைத்தார்.