கூரை தெரிய வெட்டிய கொப்புகள்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து படலையைத் திறக்கிறேன், முற்றம் முழுக்க வெயில். கடற்கரையை விட்டு இடம்பெயர்ந்து, புதுக்குடியிருப்பில் இந்த வளவுக்குள் குடியேறிய நாளிலிருந்து அந்த முற்றத்தில் வெயில் விழுந்து நான் கண்டதில்லை. அண்ணாந்து பார்த்தேன். மாமரத்தின் ஒரு பக்கத்துக் கொப்புகளையே காணவில்லை. வெறும் வானம்தான் கிடந்தது.

மரத்தடியில் பாலன் நின்றான். தலையில் மஞ்சள் தொப்பி, கண்ணுக்குக் கண்ணாடி, தோளில் வார். அந்த வாரில் ஒரு நீட்டு மிசின் தொங்கியது. இரண்டாள் உயரத் தடி, நுனியில் சங்கிலி வாள், அடியில் பெற்றோல் எஞ்சின். கடைசிக் கொப்பின் கீழ்ப்பக்கத்தில் முதலில் ஒரு வெட்டுப் போட்டான். பிறகு மேலால் வைத்து அழுத்தினான். பட்டை உரியாமல், தண்டு பிளக்காமல் கொப்பு முறிந்து வேலியில் விழுந்தது. வேலியும் சேர்ந்து படுத்தது. சுத்தமான வேலை. தெரியாதவன் செய்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். இவன் பார்த்துப் பார்த்து வெட்டியிருந்தான், அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"நிப்பாட்டடா!" என்று கத்தினேன். அவனுக்குக் கேட்கவில்லை. அந்த மிசின் போடுகிற சத்தத்தில் தலைக்கு மேலே குண்டு போடுகிற கிபிர் விமானம் வந்து சுற்றினாலும் கேட்காது. கீழே கிடந்த மாங்காய் ஒன்றை எடுத்து எறிந்தேன். தொப்பியில் பட்டது. அதற்குப் பிறகுதான் எஞ்சினை நிறுத்தினான்.

"அக்கா, ஏன் எறியிறியள்?"

"எறியாமல் உனக்கு மாலை போடுறதோ? அறுவானே, என்னடா செய்து வைச்சிருக்கிறாய்?"

பாலன் பிறத்தியான் இல்லை. கடற்கரையில் இருந்த காலத்தில் என் மனுசன் மரியநேசனோடு ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவன். இப்போது பக்கத்து வளவில் இருக்கிற வெளிநாட்டு நிவாரண நிறுவனத்தின் கந்தோரில் வேலை. அந்தக் கந்தோரின் கூரையில் பெரிய நீலச் சதுரம் ஒன்றைப் பெயின்ற்றால் அடித்து, அதற்குள் வெள்ளையில் பெயரும் எழுதி வைத்திருக்கிறார்கள். குண்டு போட வருகிறவன் மேலேயிருந்து பார்த்து, இது இன்னாருடைய இடம் என்று விட்டுவிட்டுப் போகவேண்டுமாம்.

"உங்கட கொப்பு எழுத்தை மறைக்குதாம் அக்கா. மேலயிருந்து பாத்தால் கூரை தெரியவேணும். தெரியாட்டி அடிச்சுப்போடுவாங்கள்."

"உங்கட கூரை தெரிஞ்சால் நீங்கள் தப்புவியள். என்ர பங்கர் தெரிஞ்சால் நாங்கள் சாவம். இதுகூட உன்ர மண்டைக்குள்ள ஏறேல்லையோ?"

அவன் திரும்பிப் பார்த்தான். குசினிக்குப் பக்கத்தில் எங்கள் பங்கர், நிலத்தில் வெட்டிய பதுங்குகுழி. பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டு மூடியது. மற்ற வீடுகளில் படி வைத்து இறங்குவார்கள். எங்களுடையதைச் சரிவாக வெட்டுவித்தேன், ஏனென்றால் என் மனுசனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இரண்டு வருசத்துக்கு முன் ஷெல் துண்டு முதுகெலும்பில் ஏறியது. கிபிர் இரைச்சல் கேட்டால் சில்லுக் கதிரையோடு அப்படியே உருட்டி இறக்கவேண்டும். ஒழுங்கை முடிவில் இருக்கிற பொதுப் பங்கருக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர முதல் எல்லாம் முடிந்துவிடும். அந்த மாமரத்தை நம்பித்தான் அந்த இடத்தில் வெட்டுவித்தேன். இப்போது மண்மூட்டைகள் வெயிலில் பளிச்சென்று கிடந்தன.

"நானும் கத்தினனான்," என்றார் என் மனுசன் வீட்டுக்குள்ளிருந்து. "அவனுக்குக் கேக்கேல்லை. டேய் பாலன், உன்ர மிசின்ர கபரேற்றரில ஊத்தை இருக்கடா. விக்கி விக்கி எரியுது."

"நீங்கள் வாயை மூடுங்கோ!" என்றேன். தலைக்கு மேலிருந்த மறைப்புப் போய்விட்டது, மனுசனுக்குக் கபரேற்றர் கவலை.

ஊரில் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடுகின்றன. எஞ்சினை எழுப்புவதற்கு விடுகிற நாலு துளி பெற்றோலை மருந்துப் போத்தலில் ஒளித்து வைத்திருக்கிறது சனம். இவர்கள் மாங்கொப்பு வெட்டப் பெற்றோல் எரிக்கிறார்கள்! நான் வேதக்காரி, என்றாலும் சொல்கிறேன், கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பதென்றால் இதுதான். அவர்களுடைய கூரைக்கு என்னுடைய மரம்.

வெட்டிய கொப்புகளை இழுத்துப் பங்கருக்கு மேலே பரப்பினேன். மூன்று நாளில் இலையெல்லாம் காய்ந்து சுருண்டது. சுற்றிவரப் பச்சை, நடுவில் ஒரு மண்ணிறத் திட்டு. மூடாமல் விட்டிருந்தால்கூட அவ்வளவு எடுப்பாகத் தெரிந்திருக்காது.

நாலாம் நாள் கந்தோருக்குப் போனேன். பொறுப்பாக இருந்தவர் அருந்ததி என்ற பெண். மரியாதையானவர். கதிரை தந்தார், தேநீர் தந்தார். நான் தேநீரைத் தொடவில்லை.

"என்ர மரம் தழைக்குமட்டும் பாலனை விட்டுப் பச்சைக் கொப்பு வெட்டித் தாங்கோ. ரண்டு நாளைக்கு ஒருக்கால் காணும். மிசின் இருக்கு, பெற்றோல் இருக்கு, காடு இருக்கு."

"மிசினை வளவுக்கு வெளியில கொண்டுபோகக்கூடாது அம்மா. எங்கட ஒழுங்குவிதி அப்பிடி."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை என்ர முற்றத்தில நிண்டது ஆற்ற மிசின்?"

அருந்ததி பாலனைக் கூப்பிட்டார். பங்கரை மூட எனக்கு ஒரு தறப்பாள் கொடுக்கச் சொன்னார். பாலன் கொண்டுவந்து நீட்டினான். நீலத் தறப்பாள். பச்சை மரங்களுக்கு நடுவில் நீலத் தறப்பாள்! கொழும்பிலிருந்தே தெரியும்.

"இதைக் கொண்டுபோய் உங்கட கூரையில விரியுங்கோ, பெயின்ற் மிச்சம்," என்று மேசையில் எறிந்துவிட்டு எழும்பி வந்தேன்.

வீட்டுக்கு விறுவிறென்று நடந்தேன். கோபம் பாதி, பயம் பாதி. பயத்தைக் காட்டினேனென்றால் என் மனுசன் தொடங்கிவிடுவார், "அடுத்தமுறை என்னை விட்டிட்டு நீ ஓடிப் போ" என்று. அந்தக் கதையைக் கேட்க எனக்கு ஏலாது. அதனால் வீட்டுக்குள்ளும் கோபமாகவே நின்றேன், சட்டி பானையைப் போட்டு அடித்தேன்.

மறுநாள் காலை பத்து மணியிருக்கும். மா வறுத்துக்கொண்டு நின்றேன். ஒழுங்கையில் விசில் ஊதினார்கள். பின்னாலேயே இரைச்சல். சட்டியை அப்படியே விட்டுவிட்டுக் கதிரையைத் தள்ளிக்கொண்டு பங்கர் வாசலுக்கு ஓடினேன். அங்கே போய் மேலே பார்த்தேன், அவ்வளவுதான், கால் நின்றுவிட்டது. திறந்த வானம், கீழே அந்தக் காய்ந்த திட்டு. அதற்குள் அவரைக் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"என்னடி சூசையம்மா நிக்கிறாய்? இறக்கு!"

"இதுக்குள்ள வேண்டாம். அந்தக் கூரைக்குக் கீழ போவம். அதுக்கு அடிக்கமாட்டாங்களெண்டுதானே என்ர மரத்தை வெட்டினவை."

விழுந்த வேலியை ஒருவரும் நிமிர்த்தவில்லை. வேலி திறந்து கிடந்த அந்தப் பொட்டுக்குள்ளால் கதிரையைத் தள்ளினேன். மணலில் சில்லுப் புதைந்தது. தூக்கித் தூக்கித் தள்ளினேன். கந்தோர் விறாந்தையில் ஏற்றி, உள்ளே கொண்டுபோய், நீலச் சதுரத்துக்கு நேர் கீழே நடு அறையில் நிறுத்தினேன்.

ஒரு குருவி இல்லை. மேசையில் தேநீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. கதிரைகள் தாறுமாறாகத் தள்ளிக் கிடந்தன. இரைச்சல் கூரைக்கு மேலேயே வந்துவிட்டது.

"ஆராவது இருக்கிறியளோ?" என்று குழறினேன்.

பின்பக்கத்திலிருந்து பாலனின் குரல் வந்தது. "அக்கா! கூரைக்குக் கீழ நிக்காதேங்கோ! இஞ்சால வாங்கோ, கெதியா!"

ஓடிவந்தான். அவரைக் கதிரையிலிருந்து அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசலால் ஓடினான். நான் பின்னால் ஓடினேன். பின்வளவில் பங்கர். உள்ளே அருந்ததியும் மற்றக் கந்தோர்க்காரரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார்கள். ஒதுங்கி எங்களுக்கு இடம் விட்டார்கள். நிலம் இரண்டு தரம் உதறியது. குற்றிகளுக்கிடையால் மண் கொட்டியது. என் மனுசன் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். செபம் சொல்ல வாயைத் திறந்தேன், தூசணம்தான் வந்தது.

குண்டு எங்கோ தூரத்தில்தான் விழுந்திருந்தது. இரைச்சல் தேய்ந்து போனதும் வெளியே ஏறினேன். பழக்கத்தில் அண்ணாந்து பார்த்தேன். வானத்தைக் காணவில்லை. பங்கருக்கு மேலே ஒரு பலாமரம், இலையோடு இலை நெருக்கி நின்றது. ஒரு கொப்பிலும் வாள் பட்ட அடையாளம் இல்லை. அதில் பெரிய கொப்பொன்று கந்தோரின் பின்கூரையில் ஏறிப் படுத்து, அந்த நீலச் சதுரத்தில் கால்வாசியை மூடிக்கொண்டு கிடந்தது.

பாலன் என் மனுசனைக் கீழேயிருந்து தூக்கிக் கொண்டுவந்து பலா வேரில் சாய்த்து இருத்தினான்.

"பாலன்," என்றேன். கத்தவில்லை. கத்த மூச்சில்லை. "இந்தப் பலாவை ஏன்டா வெட்டேல்லை?"

அருந்ததி முகத்தை அங்கால் திருப்பிக்கொண்டார். பாலன் மேலே பார்த்தான், என் மனுசனைப் பார்த்தான். அவனுக்குப் பொய் சொல்ல வராது.

"இதுக்குக் கீழ நாங்கள் இருக்கிறனாங்கள் அக்கா," என்றான்.